நிலக்கோட்டைச் சந்தைக்கு வராத பூ

திண்டுக்கல் சீமையில் பூவுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போனால், மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று கூடை கூடையாகக் குவிந்து கிடக்கும். ஆனால் இதே மாவட்டத்தில் ஏக்கர் கணக்கில் பயிராகும் ஒரு பூ மட்டும் அந்தச் சந்தையை எட்டிப் பார்ப்பதே இல்லை. அதை யாரும் தலையில் வைப்பதில்லை, மாலை கட்டுவதில்லை, செடியிலிருந்து பறிப்பது கூட இல்லை.

அழகில் குறைந்த பூவா? அதுவும் இல்லை. மொட்டாக இருக்கையில் பச்சை, விரிகையில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், முடிவில் நெருப்புச் சிவப்பு. ஆறு இதழ்களும் பின்னால் வளைந்து, காற்றில் ஆடும் தீக்கொழுந்து போல் நிற்கும். இதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில் முதல் பூ செங்காந்தள்தான். புலவர்கள் இதைப் பெண்களின் விரலுக்கு உவமை சொன்னார்கள். கிராமத்து மக்களோ வேறு பெயர்கள் வைத்தார்கள். கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப் பூ. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்று நம்பியதால் கண்வலிக் கிழங்கு. கடைசிப் பெயர்தான் இன்று வியாபாரிகள் வாயிலும் விவசாயிகள் வாயிலும் நிலைத்துவிட்டது.

பார்த்தால் கண் வலிக்கும் என்பது கட்டுக்கதை. தின்றால் உயிர் போகும் என்பது முழு உண்மை!

வேலியில் இருந்தது வயலுக்கு வந்தது

மலைச் சரிவிலும் புதரிலும் வேலியிலும் தானாக முளைத்துக் கிடந்த கொடி இது. இலையின் நுனியே சுருண்டு, பற்றுக்கம்பியாகி, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். மருந்துச் சரக்கு வாங்குபவர்களுக்காக ஒரு காலத்தில் காட்டில் தோண்டி எடுத்தார்கள். தோண்டினால் செடியே போய்விடும் அல்லவா? காட்டில் கொடி அருக அருக, தோட்டத்தில் பயிரிடும் வழக்கம் வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். அதைச் சுற்றிய சிற்றூர்களிலும், வடக்கே மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் கண்வலிக் கிழங்கு சாகுபடி உண்டு. செம்மண், மழை கொஞ்சம், தண்ணீர் தேங்காத நிலம். நெல்லுக்கு ஆகாத இந்தப் பூமி கண்வலிக் கிழங்குக்குத் தோதாக அமைந்துவிட்டது. நிலத்துக்கு வேலியாக நிற்கும் கிளுவையையே குச்சியாக வெட்டி நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, அதில் கொடியை ஏற்றிவிடுகிறார்கள்.

ஆனியிலும் ஆடியிலும் கிழங்கை நடுவார்கள். அது ஆங்கில எழுத்து ‘வி’ போலக் கவையாக இருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. மண்வெட்டி பட்டோ கை தவறியோ அந்த முளை ஒடிந்தால், அந்தக் கவை பிறகு முளைக்கவே முளைக்காது. கிழங்கைத் தூக்கும்போது பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும்.

பெண்கள் கையில் தூரிகை

ஐப்பசி மாதத்துக் காலை நேரம். வயலில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் அரிவாள் இல்லை; களைக்கொத்து இல்லை. சிறுவர்கள் படம் வரைய வைத்திருப்பதைப் போன்ற மெல்லிய தூரிகை இருக்கிறது! ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு, இன்னொரு பூவின் சூல்முடியில் தடவுகிறார்கள். அடுத்த பூ. மறுபடியும் அடுத்த பூ.

இது என்ன வேடிக்கை என்று கேட்கலாம். வேடிக்கை அல்ல. இந்தப் பூவின் அமைப்பு அப்படி. மகரந்தப் பைகள் ஒரு பக்கம் விரிந்து நிற்க, சூல்தண்டு அடியிலேயே சட்டென்று மடங்கி எதிர்ப்பக்கமாக நீண்டுவிடுகிறது. தன் மகரந்தம் தன்மேலேயே விழாதபடி இயற்கை செய்த ஏற்பாடு அது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்து இந்த வேலையைச் செய்யும். ஆனால் ஏக்கர் கணக்கில் ஒரே பூவாகப் பூத்துக் கிடக்கும் வயலுக்கு அத்தனை பூச்சிகள் எங்கிருந்து வரும்? பூச்சி மருந்து தெளித்த தோட்டமென்றால் வருகிற கொஞ்சமும் வராது.

ஆகவே மனிதக் கை தேவைப்படுகிறது. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் தடவினால் காய் நன்றாகப் பிடிக்கும் என்பது கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. வெயில் ஏறிவிட்டால் பலன் குறைவு. மறுநாள் புதிதாக விரிந்த பூக்களுக்கு மறுபடியும் தடவ வேண்டும். பூக்கும் காலம் முழுவதும் இதே வேலைதான். ஒரு நாள் கூலிக்கு ஆள் வராவிட்டால் அந்த நாள் பூவெல்லாம் வீண். இந்தப் பயிரின் லாபமும் நஷ்டமும் முதலில் இந்தப் பெண்களின் விரல் நுனியில் இருக்கிறது. கூலிக் கணக்கில் மட்டும் அது தெரிவதில்லை!

விதைக்குள் இருப்பது என்ன?

நட்ட 5, 6 மாதங்களில் காய் முற்றும். நிழலில் உலர்த்தினால் மூன்றாக வெடித்து, உள்ளே மணி மணியாகச் செந்நிற விதைகள் தெரியும். இந்த விதைக்காகத்தான் இத்தனை பாடும். ஒரு ஏக்கரில் சுமார் 100 கிலோ விதை கிடைத்தால் நல்ல விளைச்சல்.

விதைக்குள் ‘கால்சிசின்’ என்ற சரக்கு இருக்கிறது. 1820-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் பெல்லெத்தியே, காவாந்து என்ற இருவர், ஐரோப்பாவில் வளரும் கால்சிகம் என்ற செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னாவைப் பிரித்தெடுத்தவர்களும் இதே இருவர்தான். அதே கால்சிசின் நம் செங்காந்தளிலும் இருப்பது பிற்பாடு தெரிந்தது.

‘கவுட்’ என்றொரு மூட்டு நோய் உண்டு. கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டால் கூடத் துடிக்கும்படி வலிக்கும். அதைத் தணிக்கும் மருந்து கால்சிசின். 2023-இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், மாரடைப்பு போன்ற இருதய ஆபத்துகளைக் குறைக்கவும் இதைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அளவு எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு அரை மில்லிகிராம்!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ விதையில் சுமார் 700 கிராம் கால்சிசின் இருக்கும். துளியும் வீணாகாமல் பிரித்தால், ஓர் ஏக்கர் விளைச்சலிலிருந்து அரை மில்லிகிராம் மாத்திரைகள் 14 லட்சம் செய்யலாம். ஒட்டன்சத்திரத்துக் காட்டில் கொடி கட்டும் விவசாயிக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1937-இல், செடியின் உயிரணுக்களில் உள்ள மரபிழைகளைக் கால்சிசின் இரட்டிப்பாக்கும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து உலகத்துப் பயிர் ஆராய்ச்சி நிலையங்களில் எல்லாம் இது ஒரு கருவி ஆகிவிட்டது. ஜப்பான் நாட்டு விஞ்ஞானி கிஹாரா விதையில்லாத் தர்பூசணியை உண்டாக்கியது இதன் உதவியால்தான். அப்படி மற்றப் பயிர்களை மாற்ற உதவிய செங்காந்தளின் சரக்கு, செங்காந்தளின் சொந்தக் கஷ்டத்தைத் தீர்க்க உதவவில்லை.

ஆராய்ச்சியாளரின் பொறுமை

அந்தக் கஷ்டம் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஒரு ஏக்கருக்கு 800 கிலோவுக்கு மேல் கிழங்கு வேண்டும். கிழங்கின் விலையோ அதிகம். விவசாயி போடும் பணத்தில் பெரும்பகுதி கிழங்காகவே மண்ணுக்குள் போய்விடுகிறது. அடைமழை பெய்து நீர் தேங்கினால் அழுகல் நோய் வருகிறது. இலை பழுக்கும், கொடி வாடும், தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாகக் கிடக்கும். விளைச்சல் போனதோடு நிற்பதில்லை. அடுத்த ஆண்டுக்கான விதைக் கிழங்கும் போய்விடுகிறது. நகையை அடகு வைத்து நட்ட குடும்பத்துக்கு இது சாதாரண இடி அல்ல.

ஆராய்ச்சி நிலையத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மருந்துப் பயிர்களுக்கும் வாசனைப் பயிர்களுக்கும் என்றே தனித் துறை இருக்கிறது. நடுவதற்கு முன் கிழங்கைப் பூஞ்சண மருந்துக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைப்பது, 50, 60 கிராம் எடையுள்ள கிழங்காகத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த உரம் எத்தனை கிலோ, இலையைத் தின்னும் புழுவை எப்படி ஒழிப்பது என்பவையெல்லாம் பாத்தி பாத்தியாக நட்டுப் பார்த்துச் சொன்ன யோசனைகள். பல ஊர்க் கிழங்குகளைக் கொண்டுவந்து வளர்த்து, எதில் கால்சிசின் அதிகம் என்று அளந்து பார்ப்பதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதி.

நோய் தாங்கும் புது ரகம் ஏன் சீக்கிரம் வருவதில்லை என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. நெல்லில் ஒரு விதை போட்டால் நான்கைந்து மாதத்தில் கதிரைப் பார்த்துவிடலாம். செங்காந்தள் விதை அப்படி அல்ல. முளைப்பதே மெதுவாக. முதல் ஆண்டில் கிழங்கு பட்டாணி போல இருக்கும். அது பெருத்துப் பூப்பதற்கு 3, 4 ஆண்டுகள் ஆகும். இரண்டு செடிகளைச் சேர்த்து ஒரு கலப்பு உண்டாக்கினால், அது நல்லதா கெட்டதா என்று தெரியவே அத்தனை காலம். அதற்குள் ஒரு மழையில் அழுகிப் போனால் மறுபடியும் முதலிலிருந்து. கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகும் வரை ஒரு பூவுக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை இது.

இந்த மாவட்டத்துக்கு ஆராய்ச்சி நிலையம் புதிதல்ல. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலைக்கு ஒரு நிலையம் உண்டு. சுருட்டுப் புகையிலைக்கு அந்தக் காலத்தில் கிடைத்த அக்கறை, ஒட்டன்சத்திரத்தின் மருந்துக் கிழங்குக்கும் அதே வட்டாரத்து மண்ணிலேயே கிடைத்தால் நல்லது.

விலை எங்கே நிர்ணயமாகிறது?

உள்ளூர் மருந்துத் தேவை கொஞ்சமே. சித்த வைத்தியத்தில் கண்வலிக் கிழங்கை மோரிலும் உப்பிலும் பலமுறை ஊறவைத்து, சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். விதையில் பெரும்பங்கு வெளிநாட்டு மருந்துத் தொழிற்சாலைகளை நம்பியே விளைகிறது. ஐரோப்பாவில் வாங்குபவர் கையை விரித்தால் ஒட்டன்சத்திரத்தில் விலை விழும். கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய காலமும் உண்டு. அதில் பாதிக்கும் கீழே போன காலமும் உண்டு. தக்காளியும் வெங்காயமும் அன்றாடம் ஏலத்துக்கு வந்து விலை தெரியும் சந்தை பக்கத்திலேயே இருந்தும், இந்த விதைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை.

விதை சீக்கிரம் கெடுவதில்லை என்பது ஓர் ஆறுதல். வசதி உள்ளவர் மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும் வரை காத்திருப்பார். கடன் வாங்கியவர் தை மாதத்திலேயே விற்றாக வேண்டும்.

வீட்டில் ஜாக்கிரதை

இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கண்வலிக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஓய்ந்தது போல் தோன்றும். ஏமாந்துவிடக் கூடாது! அப்போதுதான் விஷம் உள்ளே ஈரலையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்கிக்கொண்டிருக்கும். பிழைத்தவர்களுக்குக் கூட ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டுவது உண்டு.

இதற்கென்று தனி முறிவு மருந்து ஆஸ்பத்திரிகளில் கிடையாது. எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்க வழி உண்டு. கைவைத்தியம் பார்த்து நேரத்தை ஓட்டக் கூடாது. தின்ற கிழங்கில் மிச்சம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும். விதைக் கிழங்கை அடுப்பங்கரையிலோ காய்கறிக் கூடை பக்கத்திலோ வைக்கக் கூடாது. வயலில் வேலை செய்தவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

தை அறுவடை முடிந்ததும் கொடி காய்ந்து விழும். பழைய கிழங்கு மண்ணுக்குள்ளேயே செத்துப் போய், அதன் இடத்தில் புதுக் கவைக் கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும். அது உடனே முளைக்காது. இரண்டு, மூன்று மாதம் தூங்கும். சிலர் அதை அப்படியே மண்ணில் விட்டுவிடுவார்கள். சிலர் முளை ஒடியாமல் தோண்டி, நிழலில் மணல் பரப்பி அடுக்கி வைத்து, ஆடி மழைக்காகக் காத்திருப்பார்கள்.