படம் வரையும் பிள்ளையும் பிழைப்பும்



தஞ்சோங் மாலிமில் 1922-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தை நாமெல்லாரும் அறிவோம். ஆசிரியர்களை உருவாக்கிய அவ்விடத்தில் இன்று அனிமேஷன் எனும் அசைவுப்படக் கலையும் கற்பிக்கப்படுகிறது. நம் மகனோ மகளோ இக்கலையில் பட்டம் பெறும்போது பெற்றோர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "படம் வரைந்து பிழைக்க முடியுமா?"

முடியும். ஆனால் பட்டம் மட்டும் போதாது.

நம் நாட்டில் இக்கலைக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர் ஆனந்தம் சேவியர். பிலெம் நெகாராவில் அவர் உருவாக்கிய 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' எனும் குறும்படம் 1978-இல் முடிந்தும், 1983-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. பின்னர் 2007-இல் 'உப்பின் இப்பின்', 2011-இல் 'போபோய்போய்' எனத் தொடர்கள் வந்தன. அவற்றில் வரும் ராஜூவையும் கோபாலையும் நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். இன்று இது பலருக்குச் சோறு போடும் தொழில்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒருவரே அத்தனையும் செய்ய இயலாது. ஆகவே கதையைப் படமாக வரைபவர், உருவம் அமைப்பவர், அசைவு கொடுப்பவர், ஒளி சேர்ப்பவர் என வேலை பிரிகிறது. மாணவர் எல்லாவற்றையும் ஓரளவு அறிந்து, ஒன்றில் தேர்ச்சி பெற வேண்டும்.

அந்நாளில் தோட்டத்தில் மண்டோர் எதைப் பார்த்தார்? மரத்தின் பட்டையைத்தானே! கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் இல்லை. சீவியவர் கைத்திறனைப் பட்டையே சொல்லிவிடும். அதுபோலவே படநிறுவனங்களும் சான்றிதழுக்கு முன்பாக மாணவர் செய்த படங்களைப் பார்க்கின்றன.

எனவே இறுதியாண்டிலேயே ஒன்று அல்லது இரண்டு நிமிடத் தொகுப்புப் படம் ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். சிறந்தது முதலில் வரட்டும். சுமாரானவற்றைத் தயங்காமல் நீக்கிவிடலாம். நண்பர்களோடு சேர்ந்து செய்ததில் தம் பங்கு எது என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். தொழிற்பயிற்சிக் காலத்தில், குறித்த நாளில் வேலையை முடிக்கவும், "மறுபடி செய்" என்றால் முகம் சுளிக்காமல் செய்யவும் பழக வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பட்டம் பெற்ற இரண்டாம் மாதமே, "கிடைத்த வேலைக்குப் போ" என்று விரட்டுகிறோம். கல்விக் கடன் இருக்கிறதே என்ற நம் கவலையும் நியாயமானதே. ஆகையால் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, ஒரு தவணை குறிப்போம். அதுவரை பகுதிநேர வேலை செய்து கைச்செலவைப் பார்த்துக்கொள்ளட்டும். நாள்தோறும் சில மணி நேரம் பயிற்சிக்கென்று ஒதுங்கட்டும். அந்நேரத்தில் கணினிமுன் அமர்ந்திருப்பதை விளையாட்டு என்று நாம் ஏசாதிருப்போம்.

இன்னொன்று. ஒரு படம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிவது இத்தொழிலில் உண்டு. முதல் சம்பளத்திலிருந்தே சிறிது சேமிக்கச் சொல்லிக் கொடுப்போம்.

வரையும் கைக்கு உழைப்பும், வளர்க்கும் மனத்துக்குப் பொறுமையும் இருந்தால் படமும் சோறு போடும்.