ஒன்றைப் போல் இன்னொன்று வராத துணி

வியாழக்கிழமையில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஏதாவதோர் அரசு அலுவலகத்துக்குப் போனால், முகப்பில் இருப்பவர்கள் பாத்திக் உடையில் இருப்பார்கள். அரசு ஊழியர்களுக்கு அது விதி. வாராவாரம் இத்தனை பேர் உடுத்தும் துணி என்றாலும், கையால் வரைந்த பாத்திக்கை நம்பி ஆடைத் தொழில் நடத்துவது லேசான காரியமில்லை. காரணம் துணி உருவாகும் விதத்திலேயே இருக்கிறது.

வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். சாந்திங் என்ற கருவிக்கு மரப்பிடி, செம்புக் கிண்ணம், மெல்லிய மூக்கு, அவ்வளவுதான். உருக்கிய மெழுகை அதில் மொண்டு கோடு இழுக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலேயே உறையும். கூடினால் பரவிக் கோடு தடித்துவிடும். அடுத்து, தூரிகையால் சாயம். மெழுகுக் கோடு வயல் வரப்பு மாதிரி சாயத்தைத் தடுத்து நிறுத்தும். ஊசிமுனை அளவு இடைவெளி விட்டாலும் செம்பருத்தியின் சிவப்பு பக்கத்து இலைக்குள் கசிந்துவிடும். காய்ந்த பின் சோடியம் சிலிகேட் பூசி ஊறவிடுகிறார்கள். அதன் காரத்தன்மையில்தான் சாயம் இழையோடு பிணைகிறது. கடைசியில் கொதிநீரில் மெழுகு கழன்றுவிடும். (தஞ்சை மராட்டியர் ஆதரித்த கோடாலிக்கருப்பூர் சேலையிலும் மெழுகுத் தடுப்பு உண்டு, நமக்கும் பழைய வித்தைதான்.)

ஒரே கை வரைந்தாலும் இரண்டு துணி ஒன்றாக வராது. பிறகெப்படி ஒரே சட்டையை மூன்று அளவில் தைத்து அடுக்குவது? கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் பட்டன் பட்டி பூவை இரண்டாகப் பிளக்கும். அதனால் சட்டையின் உருவத்தை முதலில் துணியில் குறித்துக்கொண்டு, அதற்குள் பூவை வரையச் சொல்வது நல்லது. உலோக அச்சை மெழுகில் தோய்த்துப் பதிப்பது இன்னொரு வழி. வேகம் கூடும், விலை குறையும். கிளந்தான், திரங்கானு மாநிலப் பட்டறைகளில் இரண்டும் நடக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏமி பிளேர் தொடங்கிய 'பாத்திக் புத்தீக்' என்ற சமூக நிறுவனம், குறைந்த வருமானக் குடும்பத்துப் பெண்களுக்குத் தையல் வேலை கொடுத்து, உடைகளோடு பைகளும் அன்பளிப்புப் பொருள்களும் விற்கிறது. எனக்கு இது கெட்டிக்கார வழியாகப் படுகிறது: பைக்கு அளவுச் சிக்கல் கிடையாது.

உண்மையான போட்டி இயந்திரத்தில் அச்சிட்ட பூத்துணியோடுதான். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். புரட்டினால் அச்சுத்துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். பாத்திக்கில் இரு பக்கமும் ஒரே நிறம். நான் கடை வைத்தால் சட்டையின் உள்பக்கம் தெரியும்படிதான் தொங்கவிடுவேன்.