நாலு மீட்டருக்குள் டிக்கியும் உயிரும்

இந்தியாவில் ஒரு சின்ன காரின் நீளத்தை முடிவு செய்வது வரிச் சட்டம். நீளம் 4 மீட்டரையும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியையும் தாண்டாவிட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு விகிதங்கள் வேறு, ஆனால் எல்லைக்கோடு இதே 4 மீட்டர்தான். அதனால்தான் டாடா அல்ட்ரோஸும் மாருதி பலேனோவும் 3,990 மில்லிமீட்டரில் நிற்கின்றன. ஹூண்டாய் ஐ20 3,995-ல்.

இந்த நீளத்துக்குள் மூன்று பேர் பங்கு கேட்கிறார்கள்: மோதலைத் தாங்க வேண்டிய முன்பகுதி, ஆட்கள் உட்காரும் கூடு, பின்னால் டிக்கி. ஹேட்ச்பேக் வாங்குகிறவர் டிக்கியைத் திறந்து பார்க்கிறார், பின்சீட்டில் கால் நீட்டிப் பார்க்கிறார். முன்பகுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஷோரூமில் பார்க்க முடியாது.

மோதும்போது முன்பகுதி நசுங்கத்தான் வேண்டும். அது நசுங்கும் நேரத்தில்தான் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. "தகரம் மாதிரி நசுங்கிடுச்சு" என்று பானெட்டைப் பார்த்து ஒரு காரைக் குறை சொல்வது சரியல்ல. பார்க்க வேண்டியது ஆட்கள் இருக்கும் கூட்டை. அது உருக்குலையாமல் நின்றால்தான் சீட் பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் வேலை செய்ய இடம் கிடைக்கும்.

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். ஆனால் அதன் கூடு உறுதியாக நின்றது. இரண்டு ஏர்பேக் பொருத்திய அதே போலோ 4 நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டில் டாட்சன் கோவுக்கும் பூஜ்யம்தான், ஆனால் அங்கே கூடே சரிந்தது. ஏர்பேக் வைத்தாலும் பெரிய பயன் இருக்காது என்று அந்த அமைப்பு சொல்லிவிட்டது. ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு காரை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் அல்ட்ரோஸ் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது இரண்டே ஏர்பேக்குடன்தான். குழந்தைகளுக்கான மதிப்பெண்ணில் அதே கார் 3 நட்சத்திரத்தோடு நின்றது. விளம்பரம் ஐந்தைத்தான் பெரிதாகக் காட்டும்.

இடவசதியில் சாமர்த்தியம் காட்டியது ஹோண்டா ஜாஸ். பெட்ரோல் டேங்க்கைப் பின்சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து முன்சீட்டுகளுக்கு அடியில் வைத்தார்கள். பின்னால் தரை தாழ்ந்தது. பின்சீட்டின் அடிப்பகுதியை நிமிர்த்தி மடிக்கும் வசதி உள்ள மாடல்களில் உயரமான பூந்தொட்டியைக்கூட நிற்கவைத்து எடுத்துப்போகலாம். அல்ட்ரோஸ் சிஎன்ஜியில் ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தளத்துக்குக் கீழே படுக்கவைத்து, ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் மாட்டினார்கள். 345 லிட்டர் டிக்கியில் 210 லிட்டர் மிஞ்சுகிறது. ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

அந்த டிக்கியை எப்படி நிரப்புகிறோம் என்பதும் பாதுகாப்புதான், யாரும் பேசாத பாதுகாப்பு. செடானில் டிக்கி தனி அறை. ஹேட்ச்பேக்கில் சாமானுக்கும் பின்சீட்டில் இருப்பவர் தலைக்கும் நடுவில் சீட்டின் முதுகு மட்டுமே. அதற்கு மேல் கிரைண்டரையோ அரிசி மூட்டையையோ அடுக்கினால், கார் சட்டென்று நிற்கும்போது அவை அதே வேகத்தில் முன்னால் வரும். கனமானதைத் தளத்தில், சீட்டின் முதுகை ஒட்டி வைக்க வேண்டும். சீட்டை மடித்துச் சாமான் ஏற்றினால் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருப்பவருக்கும் இதே கணக்குதான்: மோதலில் முன்சீட்டுக்காரர் முதுகில் போய் விழுவார்.

முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். ஏர்பேக் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கில் விரிகிறது. அதற்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் நடுவில் குழந்தை இருக்கும். எவ்வளவு இறுகப் பிடித்தாலும் மோதலில் கை தாங்காது. குழந்தைக்கு இடம் பின்சீட்டில், ஐசோஃபிக்ஸ் கொக்கியில் பூட்டிய தனி இருக்கை.

ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. அதில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற, கார் சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி வேண்டும். 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டிலும் 2025-ல் புதுப்பித்த அல்ட்ரோஸிலும் பேஸ் மாடலிலிருந்தே ஆறு ஏர்பேக் உண்டு. ஆனாலும் ஷோரூமில் சேல்ஸ்மேன் சொல்வது டாப் மாடலைப் பற்றியா, நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டைப் பற்றியா என்று கேளுங்கள். பின்சீட்டின் நடுவில் தோளையும் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். வீட்டில் குழந்தை இருக்கை இருந்தால் அதையும் எடுத்துப்போய், முன்பணம் கட்டும் முன்பே பின்சீட்டில் பூட்டிப் பாருங்கள்.