அடகா, விற்பனையா? தொலைக்காட்சி காட்டாத பேரம்

பொருளை விற்க வந்தவர் ஒரு விலை கூறுகிறார். நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டு அதன் சந்தை மதிப்பைத் தெரிவிக்கிறார். தமது முதல் முடங்கும், இலாபமும் வேண்டும் என்று காரணம் காட்டும் கடைக்காரர், பல வேளைகளில் அம்மதிப்பின் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குகிறார்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் படமாக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு ஒளிபரப்பாகத் தொடங்கிய 'பான் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி பிரபலமாக்கிய காட்சி இது. 2013இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரிலிருந்து அதன் பிரிட்டிஷ் வடிவமும் வெளிவந்தது. ஆனால், திரையில் நடக்கும் பேரங்களில் பெரும்பாலானவை அடகு அல்ல, விற்பனை.

தமிழர்கள் வாழும் வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ போன்ற பகுதிகளில், தாலிக்கொடியுடன் அடகுக் கடைக்குச் செல்பவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. அங்கு நிபுணர் வருவதில்லை. தராசும் அன்றைய தங்க விலையுமே பேசுகின்றன. 22 கரட் நகையில் தங்கம் சுமார் 91.6 வீதம். செய்கூலிக்குப் பொதுவாக மதிப்பில்லை. எனவே பேரம் பேச எஞ்சுவது கடன் தொகையும் மாத வட்டியுமே. இரண்டு மூன்று கடைகளில் விசாரிப்பதே வாடிக்கையாளரின் பலம்.

அவருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி, அடகு நகையை மீட்கக் குறைந்தது ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட வேண்டும். கடன் 75 ஸ்டெர்லிங் பவுண்டுகளுக்கு மேற்பட்டதாயின், மீட்கப்படாத நகை தானாகக் கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. அவர் அதை விற்று, கடன், வட்டி, செலவு போக மிஞ்சும் தொகையை உரியவரிடம் வழங்க வேண்டும். 2014 முதல் இத்தொழில் நிதி நடத்தை ஆணையத்தின் கண்காணிப்பில் உள்ளது.

நகையை விற்றுவிட்டவருக்கோ மீட்கும் உரிமையும் இல்லை, மிகுதிப் பணமும் இல்லை. ஆகவே, கடைக்காரர் கூறும் விலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, அந்நகை மீண்டும் வீடு திரும்ப வேண்டுமா என்பதையே.