ஏரியை வலம் வருதல்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து பழகிய நமக்கு ஒரு மலையைச் சுற்றுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆயினும், புனேயில் குடியேறிய புதிதில், சனிக்கிழமை விடியற்காலை முதுகில் மூட்டையோடு லோணாவளா லோக்கலில் ஏறி, மளவ்லி ஸ்டேஷனில் இறங்கி, பவனா ஏரியைச் சுற்றி நடந்து, மூன்றாம் நாள் அதே ஸ்டேஷனில் புழுதி படிந்த கால்களோடு வந்து நிற்கும் இளைஞர்களைக் கண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்கு இத்தனை பிரயாசையா என்று நானும் நகைத்ததுண்டு. கிரிவலத்துக்கு நடுவே அண்ணாமலையார் இருக்கிறார்; இந்த ஏரிக்கு நடுவே யார் இருக்கிறார்?

இவ்வகை நடை புதிதன்று. மானசரோவரத்தைப் பரிக்கிரமை செய்வோர் தொன்றுதொட்டு உண்டு. அமெரிக்காவில் தாஹோ ஏரியைச் சூழ்ந்த மலைமுகடுகளின்மேல் 165 மைல் நீளத்துக்கு ஒரு பாதையே அமைத்து, 2001-இல் அதன் இரு நுனிகளையும் இணைத்து முடித்திருக்கிறார்கள். பவனாவைச் சுற்றி அப்படி யாரும் பாதை வகுக்கவில்லை. கிராமத்தாரின் ஒற்றையடித் தடங்களும், இடையிடையே தார்ச்சாலையும், கடல்மட்டத்துக்கு 1000 மீட்டரைச் சற்றே தாண்டி நிற்கும் லோஹகட், விசாபூர், திகோனா, துங் என்ற நான்கு துர்க்கங்களுமே இங்கே மார்க்கதரிசிகள்.

மளவ்லியிலிருந்து முதலில் எதிர்ப்படுவது பாஜே. கொங்கணத் துறைமுகங்களிலிருந்து போர் கணவாய் ஏறித் தக்காணத்துக்குச் சென்ற வணிகர்களின் வழியை ஒட்டி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே பௌத்தர்கள் இங்கே பாறையைக் குடைந்து சைத்தியம் எழுப்பினார்கள். பிற்காலத்தில் அந்த வழியைக் காக்கவே துர்க்கங்கள் எழுந்தன. 1665-இல் புரந்தர் உடன்படிக்கைப்படி சிவாஜி மொகலாயருக்கு விட்டுக்கொடுத்த 23 கோட்டைகளில் இந்த நான்கும் அடக்கம். லோஹகட்டில் கணேச வாயில் தொடங்கி மஹா வாயில் வரை நான்கு வாயில்களைக் கடக்கவேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிகள் நேராகச் செல்லாமல் பாம்புபோல் வளைவதால், கீழேயிருந்து ஏறுகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருப்பவன் கண்ணில் படாமல் தப்ப முடியாது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளுள் இதுவும் ஒன்று. பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சி என்பதை, எனக்கு வழித்துணையாக வந்த மராத்தி நண்பருக்கு நினைவூட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கோட்டையின் மேற்கே, தேள் கொடுக்கைப்போல் நீண்டு ஒடுங்கிய பாறை நாக்கு ஒன்று உண்டு, விஞ்சுகாடா என்பார்கள். மழை ஓய்ந்த புரட்டாசியில், சோன்கிப் பூக்கள் புல்வெளியை மஞ்சளாக்கியிருந்த ஒரு காலையில் அதன் நுனியில் நின்றபோதுதான், ஏரி முழுதும், அதற்கப்பால் கூம்பாய் எழுந்த துங்கும் கண்ணுக்குப் புலப்பட்டன. லோஹம், திரிகோணம், துங்கம் என்று வடமொழி தெரிந்தவர்க்கு ஊர்ப்பெயரே அடையாளம் சொல்லிவிடுகிறது என்றாலும், வலம் வருகிறவனை அந்தப் பெயர்கள் சிறிது ஏமாற்றவும் செய்கின்றன. ஏனெனில், ஒரு பக்கத்திலிருந்து முக்கோணமாய்த் தெரியும் திகோனா மறுபக்கம் போனதும் வேறு வடிவம் கொள்கிறது, எங்கிருந்தோ பார்த்துக் கூம்பென்று நினைத்த துங் அருகே சென்றதும் நீண்ட முதுகாகி விடுகிறது.

அணைக்கட்டைத் தாண்டித் திகோனாப்பேட்டைக்கு வந்து சேர்ந்த அந்தி வேளையில், ஒரு வீட்டுத் திண்ணையில் அரிசிமாவு பாக்ரியும், பச்சைமிளகாய் டேச்சாவும், கடலைமாவில் கொதிக்கக் கொதிக்கக் கிண்டிய பிட்லாவும் கிடைத்தன. தஞ்சாவூர்ப் பிட்லைக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, ருசியில் இல்லை. "இன்னும் ஒரு பாக்ரி சாப்பிடு தாதா, நாளைக்குத் துங் ஏறணுமே" என்று அந்த வீட்டு அம்மாள் மராத்தியில் வற்புறுத்தினார். மறுநாள் துங்கின் செங்குத்துப் பாறையில் கையூன்றி ஏறியபோது அந்தப் பாக்ரியின் அருமை தெரிந்தது.

ஏரி இயற்கையானதன்று. 1970-களின் தொடக்கத்தில் பவனா நதியைத் தடுத்துக் கட்டிய அணையால் உண்டான ஜலாசயம் அது. அதன் நீரைத்தான் பிம்ப்ரி-சிஞ்ச்வட் குடிக்கிறது. நிலம் இழந்தவர்களின் மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. அந்த நகருக்கு மூடிய குழாயில் நீர் கொண்டுபோவதை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9-இல் நெடுஞ்சாலையை மறித்த விவசாயிகள்மேல் போலீஸ் சுட்டதில் மூவர் மாண்டனர். தெற்கே அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள முல்ஷியிலோ, 1921-லேயே சேனாபதி பாபட்டின் தலைமையில் குடியானவர்கள் அணைக்கெதிராகச் சத்தியாக்கிரகம் செய்து தோற்றிருக்கிறார்கள்.

துங்கிலிருந்து இறங்கி, மேற்குக் கரையோரமாக வடக்கே வளைந்து வருகையில், ஏரியைக் காட்டி நண்பர் சொன்னார்: அந்த நீருக்கடியில் வாகேஷ்வர் என்ற பழைய கற்கோயில் ஒன்று இருக்கிறது, சித்திரை வைகாசியில் நீர் வற்றும்போது வெளியே வரும், ஜனங்கள் காய்ந்த சேற்றில் நடந்துபோய்ச் சிவனைக் கும்பிட்டு வருவார்கள், மழை வந்ததும் மறுபடி மூழ்கிவிடும். நாங்கள் போனதோ ஏரி நிரம்பியிருந்த காலம். ஏரியை எப்போதும் வலக்கைப் பக்கமாகவே வைத்து நடந்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.