விசா வேறு, மாணவர் தகுதிநிலை வேறு

அமெரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆகஸ்டு மாதம் விருந்தினர் வரும் மாதமாகும். தமிழகத்திலிருந்து மேற்படிப்புக்காக வரும் அண்ணன் மகனோ அக்காள் மகளோ, பல்கலைக்கழக விடுதிக்குச் செல்லுமுன் சில நாட்கள் நம் இல்லத்தில் தங்கிச் செல்வது வழக்கம். இவர்கள் கையில் இருப்பது எஃப்-1 என்னும் மாணவர் விசா. நம் பள்ளியில் இன்று தமிழ் பயிலும் பிள்ளைகளுள், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து இங்கு வாழ்வோர் சிலருக்கும் நாளை இதே விசா தேவைப்படலாம். ஆகவே மாணவராக இந்நாட்டில் முறைப்படி தங்கியிருப்பது எவ்வாறு என்பதை மாணவர்களும் பெற்றோர்களும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

வாயிலும் வசிப்பும்

முதற்கண் தெளிவு பெறவேண்டிய செய்தி ஒன்று உண்டு. விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டப்பெறும் ஒரு தாள். சென்னையிலோ வேறு நகரிலோ உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகம் அதனை வழங்குகிறது. இந்நாட்டின் வாயிலில் வந்து நின்று, உள்ளே வர அனுமதி கேட்பதற்கு உரிய சீட்டு அது, அவ்வளவே. உள்ளே வந்தபின் ஒருவர் எந்நிலையில் வாழ்கிறார் என்பதைக் குறிப்பது தகுதிநிலை. மாணவராக வந்தவர் மாணவராகவே வாழ்ந்து வருகிறாரா என்னும் வினாவுக்கான விடையே அது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் இருவகைக் குழப்பங்கள் நேர்கின்றன. விசாவில் குறித்த நாள் முடிந்துவிட்டதே என்று சிலர் அஞ்சுகின்றனர். மாணவர் தகுதிநிலை ஒழுங்காக இருக்குமாயின் உள்நாட்டில் படிப்பைத் தொடர்வதற்குக் காலாவதியான விசா தடையன்று. வெளிநாடு சென்று திரும்பும்போதுதான் புதிய விசா வேண்டும். மற்றொரு சாரார், ஐந்தாண்டு விசா இருக்கிறதே என்று கவலையற்று இருந்துவிடுகின்றனர். இதுதான் இடர் மிகுந்தது. விசாவில் நான்கு ஆண்டுகள் மீதமிருந்தாலும், ஒரு பருவத்தில் அனுமதியின்றிப் பாடங்களைக் கைவிட்டால் தகுதிநிலை அன்றே பறிபோகும்.

தகுதிநிலைக்குச் சான்றாவன இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகம் வழங்கும் ஐ-20 படிவம். மற்றொன்று, நாட்டுக்குள் நுழையும்போது பதிவாகும் ஐ-94. மாணவர்களின் ஐ-94 பதிவில் முடிவு நாள் குறிக்கப்படாமல், படிப்பு முறையாக நடைபெறும் வரை தங்கலாம் என்னும் பொருள்பட டி/எஸ் என்ற எழுத்துகள் இடப்படுவது நெடுங்கால வழக்கம். அதற்கு மாற்றாக, நான்கு ஆண்டுகளுக்கு மிகாமல் குறிப்பிட்ட முடிவு நாள் ஒன்றை வழங்கும் புதிய விதியை அரசு 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தது. எனவே தம் பதிவில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை, ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்தவுடனும் மாணவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்காணிப்பு வந்த கதை

முன்பு மாணவர் பதிவுகள் பெரும்பாலும் காகிதக் கோப்புகளாகவே இருந்தன. 1993 பிப்ரவரியில் நியூயார்க் உலக வணிக மையத்தில் குண்டு வைத்த குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுள் ஒருவர், மாணவர் விசாவில் வந்து படிப்பைக் கைவிட்டவர். மாணவர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்ட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அப்பணி விரைவு பெற்று, 2003இல் செவிஸ் எனப்படும் கணினிப் பதிவேடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

மாணவரின் முகவரி, பாடச்சுமை, படிப்பு முடியும் நாள், வேலை அனுமதி ஆகிய அனைத்தும் அப்பதிவேட்டில் உள்ளன. அதில் பதிவு செய்யும் உரிமை பெற்றவர், பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ என்னும் அலுவலர். பேராசிரியர் அன்புடன் வாய்மொழியாகத் தரும் அனுமதியும், துறைத்தலைவர் எழுதித் தரும் கடிதமும் படிப்புக்குப் பயன்படலாம். தகுதிநிலைக்கு அவை போதா. டி.எஸ்.ஓ பதிவேட்டில் குறித்த அனுமதியே அனுமதி.

மாணவர் கடமைகள்

முதற் கடமை முழுப் பாடச்சுமை. இளநிலை மாணவர் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள் பயில வேண்டும். முதுநிலை மாணவருக்குரிய அளவைப் பல்கலைக்கழகமே வரையறுக்கிறது. முழுச்சுமையைக் கணக்கிடும்போது, இணையவழியில் மட்டுமே நடைபெறும் பாடங்களுள் ஒன்று, அதாவது 3 கிரெடிட் மட்டும், சேர்த்துக்கொள்ளப்படும். அதற்கு மேற்பட்டவை மதிப்பெண் பட்டியலில் இடம்பெறலாம், இக்கணக்கில் இடம்பெறா.

இரண்டாவது, வீடு மாறினால் 10 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவித்தல். மூன்றாவது, ஐ-20 படிவத்தில் குறித்த முடிவு நாளுக்குள் படிப்பு நிறைவுறாது எனத் தோன்றினால், அந்நாள் கடப்பதற்கு முன்பே நீட்டிப்புப் பெறுதல். நான்காவது, வெளிநாடு செல்லுமுன் ஐ-20 படிவத்தில் டி.எஸ்.ஓவின் பயணக் கையொப்பம் செல்லுபடியாகும் நிலையில் உள்ளதா என நோக்குதல். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர், செவிஸ் பதிவும் உடன் மாற்றப்பட்டதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேட்டபின் செய்க

மேற்கூறிய விதிகள் யாவற்றுக்கும் அடிநாதமாக விளங்குவது ஒன்றே: அனுமதி முதலில், செயல் பிறகு.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நோய்வாய்ப்பட்ட மாணவர் இருவர் என்று கொள்வோம். முதல்வர் மருத்துவரின் கடிதத்துடன் டி.எஸ்.ஓவை அணுகி, சுமையைக் குறைக்க அனுமதி பெற்று, அதன் பின்னரே பாடத்தைக் கைவிடுகிறார். உடல்நலக் குறைவுக்காக ஒரு பட்டப்படிப்பில் மொத்தம் 12 மாதங்கள் வரை இவ்வாறு சலுகை பெற விதி இடந்தருகிறது. இரண்டாமவர் முதலில் பாடத்தைக் கைவிட்டு, உடல் தேறியபின் அலுவலரிடம் செல்கிறார். நோய் ஒன்றே, கடிதமும் ஒன்றே. ஆயினும் முதல்வரின் தகுதிநிலை காக்கப்பட்டது. இரண்டாமவரின் தகுதிநிலை முறிந்தது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் பழமொழி இவ்விடத்து மிகப் பொருந்தும்.

புதிதாக வந்த மாணவருக்கு ஆங்கிலத்தில் இடர்ப்பாடு, இந்நாட்டுக் கற்பித்தல் முறையில் பழக்கமின்மை, தகுதிக்கு மீறிய வகுப்பில் சேர்ந்துவிடல் ஆகிய காரணங்களுக்காகவும் பாடச்சுமையை ஒருமுறை பாதி வரை குறைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. மாணவர் தடுமாறுவர் என்பதை விதி வகுத்தோரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். வெட்கத்தால் வாய் திறவாத மாணவரே அவ்வழியை இழக்கின்றனர்.

வேலையும் உறவினர் கடையும்

பருவம் நடைபெறும்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை பணி செய்யலாம். விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். வளாகத்துக்கு வெளியே எவ்வேலைக்கும் தனி அனுமதி தேவை. படிப்போடு இணைந்த சி.பி.டி பயிற்சியாயினும், படிப்பை ஒட்டிய ஓ.பி.டி பயிற்சியாயினும் அனுமதி கைக்கு வந்து, அதில் குறித்த தொடக்க நாள் பிறந்த பின்னரே பணியில் அமர வேண்டும். சி.பி.டி பயிற்சியில் முழுநேரமாக 12 மாதங்கள் பணியாற்றியவர், அதே பட்ட நிலைக்குரிய ஓ.பி.டி வாய்ப்பை இழப்பார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கு நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. வார இறுதியில் மாமாவின் மளிகைக் கடையில் கல்லாவில் அமர்வதும், தெரிந்தவரின் உணவகத்தில் பரிமாறுவதும் உதவிதானே என்று நாம் எண்ணுகிறோம். கூலியாகப் பணம் தராமல், உணவும் தங்க இடமும் கொடுத்தாலும் அதுவும் ஊதியமாகக் கருதப்படலாம். அனுமதியற்ற வேலை செய்தவர், இழந்த தகுதிநிலையை மீட்டுத் தருமாறு விண்ணப்பிக்கும் தகுதியையும் இழந்துவிடுகிறார். ஆதலால் நம் உறவினர் பிள்ளைக்கு உதவ விரும்பினால் வேலை கொடாமல் உதவுவோம்.

பெயரளவுக் கல்லூரிகள்

வகுப்புக்கே செல்லாமல் தகுதிநிலை தருகிறோம் என்று கூறும் கல்லூரிகளால் நம் நாட்டு மாணவர் பலர் அல்லலுற்றனர். 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரிலிருந்த டிரை-வேலி பல்கலைக்கழகம் சோதனையிடப்பட்டு மூடப்பட்டது. அங்குப் பதிவு செய்திருந்த சுமார் 1,500 மாணவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் முகவரியாக, சன்னிவேலில் உள்ள ஒரே குடியிருப்பு காட்டப்பட்டிருந்தது. மாணவர் சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. நிறுவனர் 2014இல் 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

பின்னர், அரசே தரகர்களைப் பிடிப்பதற்காகப் போலிப் பல்கலைக்கழகங்களை நிறுவியது. நியூஜெர்சியில் நிறுவியது 2016 ஏப்ரலிலும், மிச்சிகனில் பார்மிங்டன் என்னும் பெயரில் நிறுவியது 2019 ஜனவரியிலும் வெளிச்சத்துக்கு வந்தன. பார்மிங்டனில் ஆசிரியரும் இல்லை; வகுப்பும் இல்லை. அங்குச் சேர்ந்த பல நூறு பேருள் மிகப் பெரும்பாலோர் இந்தியரே. கட்டணம் பெற்று வகுப்பு நடத்தாத இடம் எதுவாயினும், அது கல்லூரி அன்று என்று உணர்தல் வேண்டும்.

இருபத்தொன்றாம் பிறந்தநாள்

எச்-1பி விசாவில் பணிபுரியும் பெற்றோரைச் சார்ந்து எச்-4 தகுதிநிலையில் வாழும் பிள்ளைகள், மாணவர் விசா இல்லாமலேயே கல்லூரியில் பயிலலாம். ஆனால் 21 வயது நிறையும் நாளில் அத்தகுதிநிலை முடிவுறுகிறது. மழலைப் பருவத்தில் இங்கு வந்து, இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கும் இவ்விதியில் விலக்கில்லை. கிரீன் கார்டுக்காக இந்தியர் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்வதால், நம் பிள்ளைகளுள் பலர் இந்நாளைச் சந்திக்கின்றனர்.

அத்தகையோர் கல்லூரியிலிருந்து ஐ-20 பெற்று, ஐ-539 படிவத்தின் வாயிலாக எஃப்-1 தகுதிநிலைக்கு மாற்றம் கோரலாம். அல்லது வெளிநாடு சென்று மாணவர் விசா பெற்று வரலாம். விண்ணப்பம் பரிசீலிக்கப்படப் பல மாதங்கள் ஆகக்கூடும். ஆகையால் பிறந்தநாளுக்கு ஓராண்டுக்கு முன்பேனும் ஆயத்தமாதல் நன்று. பிள்ளையின் வயதைக் கணக்கிடுவதில் பாதுகாப்பளிக்கும் சட்டம் ஒன்று 2002 முதல் உள்ளது. அது தம் குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதையும், கிரீன் கார்டு விண்ணப்பத்தால் மாணவர் விசாவுக்கு இடையூறு உண்டா என்பதையும் தேர்ந்த குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும். நண்பர் வீட்டு அனுபவம் நமக்குச் சட்டமாகாது.

தவறு நேர்ந்தால்

தகுதிநிலை முறிந்தோர்க்கு வழி அறவே அடைபட்டுவிடுவதில்லை. முறிந்த நாளிலிருந்து 5 மாதங்களுக்குள், தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணத்தை விளக்கி மீட்பு விண்ணப்பம் செய்யலாம். நாட்களைக் கடத்துவது ஒன்றே மன்னிக்க இயலாத பிழையாக முடியும்.

மாணவர் தம் பிழையின்றியும் இடருக்கு உள்ளாகலாம் என்பதை 2025 காட்டியது. அவ்வாண்டு வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென முடிக்கப்பட்டன. சிலர் மீது இருந்தவை தள்ளுபடியான சிறு வழக்குகளே. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபின், ஏப்ரல் இறுதியில் பதிவுகளை மீண்டும் நிறுவ அரசு இசைந்தது. இதனால் நாம் கற்க வேண்டியது, சான்றுகளைப் பேணும் பழக்கம். பெற்ற ஐ-20 படிவங்கள் அனைத்தும், மதிப்பெண் பட்டியல்கள், வாடகை ஒப்பந்தம், வழக்கு முடிந்ததற்கான ஆவணம் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே ஒரு கோப்பில் திரட்டி வைத்தல் வேண்டும். வண்டி ஓட்டுவதில் விதி மீறாமை கூடத் தகுதிநிலைக்கு ஒரு காவலே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

மாணவர் தகுதிநிலையை இழப்பதற்குச் சட்டம் அறியாமை ஒரு காரணம்; அச்சம் மற்றொரு காரணம். ஊரில் நிலத்தை அடகு வைத்துப் பெற்ற கல்விக்கடன், தோல்வியுற்ற பாடம், தொலைபேசியில் மதிப்பெண்ணையே முதலில் வினவும் குரல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து பிள்ளையை மௌனமாக்குகின்றன. மௌனமான பிள்ளை, பாடத்தைச் சொல்லாமல் கைவிடுகிறான். கடனை அடைக்க இரவில் மறைவாக வேலைக்குச் செல்கிறான். எனவே, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "டி.எஸ்.ஓவிடம் பேசினாயா?" என்று கேட்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்வோம். தோல்வியைச் சொல்வதற்கு அஞ்சாத இல்லமே அயல்நாட்டில் பயிலும் மாணவருக்கு முதல் அரண்.

மாணவச் செல்வங்களே! உங்கள் உறவினராய் வந்து பயிலும் அண்ணன்மாரிடமும் அக்காள்மாரிடமும் இச்செய்திகளை எடுத்துரையுங்கள். ஐயம் எழும்போது வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டபின் செய்யுங்கள், செய்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறலாம், இம்மூன்று பழக்கங்களும் என்றும் துணை நிற்கும்.