நாற்பதைத் தாண்டி வந்த நாயகன்

கலிஃபோர்னியாவில் உள்ள பாஸடீனா பிளேஹவுஸ் நடிப்புப் பள்ளியில் 1950களின் பிற்பகுதியில் இரண்டு நண்பர்கள் படித்தார்கள். இவர்கள் இருவரும் சினிமாவில் தேறவே மாட்டார்கள் என்பது உடன் படித்தவர்களின் தீர்ப்பு. ஒருவர் டஸ்டின் ஹாஃப்மேன், மற்றவர் ஜீன் ஹேக்மேன். பிற்பாடு ஆளுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினார்கள்.

ஹேக்மேன் 1930இல் கலிஃபோர்னியாவில் பிறந்து, இல்லினாய் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 13 வயதில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா காரில் கடந்து போனார். நிறுத்தவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனவர் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பவே இல்லை. ஒரு கையசைப்புக்குள் எவ்வளவு அர்த்தம் அடங்கியிருக்கும் என்பது அன்றுதான் புரிந்தது, தான் நடிகனானதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம் என்று ஹேக்மேன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

16 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். சீனாவிலும் பணியாற்றினார். பின்னர் நியூயார்க்கில் நாடக வாய்ப்புக்காக அலைந்த காலத்தில், வயிற்றுப்பாட்டுக்காக ஓர் உணவகத்தின் வாசலில் சீருடையோடு நின்று கதவு திறந்துவிட்டார். அந்த வழியாக வந்த பழைய ராணுவ அதிகாரி ஒருவர் அவரை அடையாளம் கண்டு, ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். அந்த அவமானத்தை ஹேக்மேன் கடைசிவரை மறக்கவில்லை.

அவரிடம் நாயகனுக்குரிய முகவெட்டு கிடையாது. ஏறிய நெற்றி, சற்றே தடித்த மூக்கு. பஸ் நிறுத்தத்தில் நம் பக்கத்தில் நிற்கும் ஆளைப் போன்ற தோற்றம். சினிமா அவரை ஏற்கத் தாமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1967இல் 'தி கிராஜுவேட்' படத்தில் நாயகியின் அப்பாவாக நடிக்கத் தேர்வாகி, அந்த வேடத்துக்கு வயது போதாது என்று ஒத்திகையின்போதே நீக்கப்பட்டார். அந்தப் படத்தின் நாயகன் ஹாஃப்மேன்! நண்பன் நட்சத்திரமாவதை வெளியே நின்று பார்க்க நேர்ந்தது. ஆனால் அதே ஆண்டில் 'பானி அண்ட் கிளைட்' வெளியானது. கொள்ளையனின் அண்ணன் பக் பாரோவாக, வாய் ஓயாத கலகலப்போடு வந்த ஹேக்மேனுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

1971இல் வந்த 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' தலையெழுத்தை மாற்றியது. போதைப்பொருள் கும்பலைத் துரத்தும் முரட்டுப் போலீஸ்காரர் பாப்பாய் டாயில் வேடத்துக்கு இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் முதலில் மனத்தில் வைத்திருந்தது இவரை அல்ல. ஹேக்மேனுக்கும் அந்தப் பாத்திரத்தின் இனவெறியும் கைநீட்டும் குணமும் ஒட்டவில்லை. விலகிவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்தச் சங்கடத்தை விழுங்கிக்கொண்டு நடித்ததால்தான் டாயில் வெறும் வீராதி வீரனாக இல்லாமல், நமக்குப் பிடிக்காமலே நாம் பின்தொடரும் மனிதராக ஆனார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வந்தபோது அவருக்கு வயது 42.

ஆனாலும் அவருடைய உச்சம் 1974இல் வந்த 'தி கான்வர்சேஷன்' என்பேன். பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கிய இந்தப் படத்தில் ஹாரி கால் என்ற ஒட்டுக்கேட்பு நிபுணராக வருகிறார். ஊரார் பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவர், தன் வீட்டுக் கதவில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டிருக்கிறார். பிறந்தநாள் பரிசை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போன கட்டட நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்து, சாவி எப்படிக் கிடைத்தது என்று விசாரிக்கிறார். குரல் உயர்வதில்லை, பயம் மட்டும் அதில் தெரிகிறது. மழை இல்லாத நேரத்திலும் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு உடம்பில் இருக்கிறது. முடிவில் தன் வீட்டிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பதாக அறிந்து, சுவர்க்காகிதத்தைக் கிழித்து, தரைப்பலகைகளைப் பெயர்த்து, வீட்டையே குடைந்து போடுகிறார். பிறகு அந்த இடிபாட்டின் நடுவே உட்கார்ந்து சாக்ஸஃபோன் வாசிக்கிறார். இந்த வேடத்துக்காகவே ஹேக்மேன் அந்த வாத்தியத்தைக் கற்றுக்கொண்டார். படம் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதைப் பெற்றது. ஹேக்மேனுக்கோ ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. இது பெரிய அநியாயம்.

'சூப்பர்மேன்' (1978) படத்தின் வில்லன் லெக்ஸ் லூதர் வேடத்துக்காக மீசையை எடுக்க அவர் மறுத்தார். நீங்கள் எடுத்தால் நானும் எடுக்கிறேன் என்றார் இயக்குநர் ரிச்சர்ட் டோனர். ஹேக்மேன் மழித்து முடித்ததும், டோனர் தன் ஒட்டுமீசையைப் பிய்த்துக் காட்டினாராம்.

1992இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' அவருக்கு இரண்டாவது ஆஸ்கரைத் தந்தது. வன்முறைப் படங்களில் நடித்து அலுத்திருந்ததால் முதலில் மறுத்தவர், இது வன்முறையைக் கொண்டாடும் கதையல்ல என்று ஈஸ்ட்வுட் விளக்கிய பிறகே சம்மதித்தார். அவர் ஏற்ற ஷெரிஃப் லிட்டில் பில், ஓய்வு நேரத்தில் தனக்கென ஒரு வீடு கட்டுகிறார். கூரை ஒழுகுகிறது. நையப் புடைக்கும் அதே கைகளால் ஆசையாக ஆணி அடிக்கும் மனிதர்! கொடுமைக்காரருக்குள் இருக்கும் அந்தச் சாதாரண ஆசையை ஹேக்மேன் காட்டிய விதம்தான் வேடத்தை இன்னும் அச்சமூட்டுவதாக ஆக்கியது.

இத்தனை காலம் நண்பர்களாக இருந்தும் ஹேக்மேனும் ஹாஃப்மேனும் ஒரே படத்தில் சேர்ந்தது 2003இல்தான். அந்த 'ரன்அவே ஜூரி' படத்தில், நீதிமன்றக் கழிப்பறையில் இருவரும் முகத்துக்கு நேராக மோதிக்கொள்ளும் காட்சி உண்டு.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'வெல்கம் டு மூஸ்போர்ட்' கடைசிப் படம். இதயத்தைப் பரிசோதித்த மருத்துவர், மன அழுத்தம் கூடாது என்று எச்சரித்ததால் நடிப்பை நிறுத்திக்கொண்டார். நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரில் ஓவியம் தீட்டினார், வரலாற்றுப் பின்னணியில் நாவல்கள் எழுதினார். 2025 பிப்ரவரியில், 95 வயதில், அந்த நகரிலுள்ள தன் வீட்டில் காலமானார்.